மலையை அளந்த சமவெளி



மேடு என்றால் ஆற்றங்கரை, பள்ளம் என்றால் குளம். இந்த இரண்டுக்கும் மேலாக ஏற்ற இறக்கம் அறியாத மண் காரைக்கால். அரசலாறும் நாட்டாறும் திருமலைராஜனாறும் இங்கே கடலை நோக்கிப் போகும்போது அவசரமே படுவதில்லை. இறங்குவதற்கு உயரம் இருந்தால்தானே அவசரப்பட முடியும்?

ஆனால் இந்த ஊரின் பெயரைத் தன் பெயராகவே தாங்கி நிற்பவர் மலையேறியவர். காரைக்கால் அம்மையார் கயிலைக்குப் போனார். இறைவன் உறையும் மலையைக் காலால் மிதிக்க மனமின்றித் தலையால் நடந்தேறினார் என்கிறது பெரியபுராணம். அவருக்காக நடக்கும் மாங்கனித் திருவிழாவுக்குக் கூடுகிறவர்கள் அவர் கதையில் வரும் மாம்பழத்தை மறப்பதில்லை. அந்தக் கதையின் மறுமுனையில் இருக்கும் மலையை நினைப்பவர்கள் குறைவு.

அம்மையாருக்கு வரைபடம் தேவைப்படவில்லை. இன்று கொடைக்கானலிலோ குரங்கணியிலோ முதுகில் பையை மாட்டிக்கொண்டு காட்டுக்குள் இறங்குகிற இளைஞர்களுக்குத் தேவைப்படுகிறது. கரடுமுரடான, காடு மூடிய மலை எப்படிக் காகிதத்தில் ஏறியது, அதில் நடைபாதை என்னும் மெல்லிய கோடு எப்படி விழுந்தது என்பதைத் தட்டையான ஓர் ஊரிலிருந்து பார்ப்பதே இச்சொற்பொழிவின் பொருள். இதில் முரண் ஏதுமில்லை. தமிழ்நாட்டு மலைகளின் அளவை, சமவெளியிலும் கடலோரத்திலும்தான் தொடங்கியது.

ஒரே எண், மூன்று ஊர்

1767-இல் தொடங்கப்பட்ட சர்வே ஆஃப் இந்தியா என்னும் இந்திய நில அளவைத் துறை, நாட்டை நான்கு பாகை நீளமும் நான்கு பாகை அகலமும் கொண்ட கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்தது. கிழக்கே 76 முதல் 80 பாகை, வடக்கே 8 முதல் 12 பாகை வரையுள்ள கட்டத்தின் எண் 58. அதை ஒரு பாகை அளவில் 16 எழுத்துகளாகவும், ஒவ்வோர் எழுத்தையும் 16 தாள்களாகவும் பகுத்தார்கள். இந்தப் பழைய கணக்கில் காரைக்கால் 58 என்/13. ஊட்டி 58 ஏ/11. கொடைக்கானல் ஏரி 58 எஃப்/8. கடலோரமும் மலையுச்சியும் ஒரே எண்ணின் கீழ்தான் வருகின்றன.

டோப்போ ஷீட் என்று மாணவர்கள் சொல்லும் இந்தத் தாள்களின் அளவை 1:50,000. ஒரு சென்டிமீட்டர் காகிதம் அரை கிலோமீட்டர் நிலம். ஒரே உயரத்திலுள்ள இடங்களை இணைக்கும் பழுப்புக் கோடுகள் சமஉயரக்கோடுகள். மலைப்பகுதித் தாள்களில் அவை வழக்கமாக 20 மீட்டருக்கு ஒன்றாக வரையப்படும். அதே கணக்கில் காரைக்காலை வரைந்தால் ஒரு பழுப்புக் கோடுகூட விழாது. கொடைக்கானல் தாளிலோ கோடுகள் நெருங்கி நெருங்கிக் கைரேகைபோலக் கிடக்கும்.

கொடைக்கானலில் நடப்பவர்களுக்கு வேறொரு வேடிக்கை உண்டு. ஏரி, தாளின் வடகிழக்கு மூலையில் மாட்டிக்கொண்டிருக்கிறது. கிழக்கிலோ வடக்கிலோ இரண்டு கிலோமீட்டர் நடந்தால் தாள் தீர்ந்துவிடும். ஊரைச் சுற்றி முழுதாக நடக்க எஃப்/7, 8, 11, 12 என்று நான்கு தாள்களை ஒட்டவேண்டும். கட்டத்தை வகுத்தவர்களுக்குப் பாகையும் அதன் அறுபதில் ஒரு பங்கான கலையும்தான் கண்ணில் இருந்தன. அதன் மூலையில் ஓர் ஏரி வந்து உட்காரும் என்பதை அவர்கள் பொருட்படுத்தவில்லை.

காரைக்காலுக்கு இருந்தது வேடிக்கையல்ல, பூட்டு. நில எல்லையிலிருந்தும் கடற்கரையிலிருந்தும் ஏறக்குறைய 80 கிலோமீட்டருக்கு உட்பட்ட பகுதிகளின் விரிவான தாள்கள் பாதுகாப்புக் காரணங்களுக்காகப் பல பத்தாண்டுகள் பொதுவிற்பனைக்குக் கிடைக்கவில்லை. கொடைக்கானல் அந்தப் பட்டைக்கு வெளியே இருந்தது. காரைக்கால் முழுக்க உள்ளே. மலையின் படத்தை வாங்க முடிந்தவருக்குத் தன் ஊரின் படம் கிடைக்காது. 2005-இன் தேசிய வரைபடக் கொள்கை படங்களைப் பாதுகாப்புத் துறைக்கு ஒரு வரிசை, பொதுமக்களுக்கு ஒரு வரிசை என்று பிரித்தபோது இந்தப் பூட்டு தளர்ந்தது. 2021 பிப்ரவரி 15-ஆம் நாள் வெளியான புவிசார் தரவு வழிகாட்டுதல்கள் இந்திய நிறுவனங்கள் முன் அனுமதியின்றி அளக்கவும் படம் ஆக்கவும் வழிவிட்டன.

நாகையிலிருந்து எண்ணத் தொடங்கிய உயரம்

கொடைக்கானல் ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரம் என்கிறோம். எதிலிருந்து 2,100? கடல்மட்டத்திலிருந்து. ஆனால் கடல் எப்போது மட்டமாக இருந்தது? ஏற்றம், வற்றம், காற்று, பருவம் என்று அது அசைந்துகொண்டே இருக்கிறது. எனவே துறைமுகங்களில் அலையேற்ற அளவிகளை நிறுத்தி, ஆண்டுக்கணக்கில் குறித்து, சராசரி எடுத்தார்கள். அவ்வாறு 1909-ஆம் ஆண்டின் உயர அடிப்படைக்கு எடுத்துக்கொண்ட துறைமுகங்கள் ஒன்பது. கராச்சி, பம்பாய், கார்வார், பேப்பூர், கொச்சி, நாகப்பட்டினம், சென்னை, விசாகப்பட்டினம், ஒடிசாவின் பால்ஸ் பாயிண்ட் ஆகியவை அவை.

காரைக்காலிலிருந்து பேருந்தில் அரைமணிச் சொச்சத்தில் போய்ச் சேரும் நாகை, ஆனைமுடியின் 2,695 மீட்டருக்கும் தொட்டபெட்டாவின் 2,637 மீட்டருக்கும் பூஜ்யம் வகுத்துக்கொடுத்த இடங்களில் ஒன்று. அங்கிருந்து மட்டம் பார்க்கும் கருவியையும் அளவுக்கோலையும் சுமந்துகொண்டு, சில பத்து மீட்டருக்கு ஒருமுறை நிறுத்தி, முன்னும் பின்னும் பார்த்துக் குறித்துக்கொண்டே உள்நாட்டுக்குப் போனார்கள். வழியில் பாலத்தின் கல்லிலும் கட்டடங்களின் படியிலும் உயரக்குறி செதுக்கினார்கள். ஒன்பது துறைமுகத்துக் கடலும் ஒரே மட்டம் என்று வைத்துக்கொண்டதுதான் இந்த ஏற்பாட்டின் எளிமை. கடல் அப்படிச் சீராக இல்லை என்பதே அதன் குறை.

தஞ்சையில் அறுந்த கயிறு

உயரம் கிடைத்தால் போதாது, இடம் வேண்டும். அதற்கு முக்கோணம். ஒரு பக்கத்தின் நீளமும் இரு முனைகளின் கோணங்களும் தெரிந்தால், மீதி இரண்டு பக்கங்களைக் கணக்கே சொல்லிவிடும். அந்தப் பக்கத்தின்மேல் அடுத்த முக்கோணம், அதன்மேல் இன்னொன்று. முதல் பக்கத்தை மட்டும் தரையில் சங்கிலி போட்டு அளக்கவேண்டும்.

பிரிட்டிஷ் அளவையாளர் வில்லியம் லாம்டன் அந்த முதல் பக்கத்தை 1802 ஏப்ரலில் சென்னை பரங்கிமலை அருகே அளக்கத் தொடங்கினார். நீளம் ஏறக்குறைய 12 கிலோமீட்டர். நூறடி எஃகுச் சங்கிலி வெயிலில் நீளும் என்பதால் மரப்பெட்டிக்குள் கிடத்தி, வெப்பமானியைப் பார்த்துப் பார்த்துத் திருத்தி, ஏறக்குறைய இரண்டு மாதத்தில் முடித்தார். கோணம் பார்க்க அவர் வரவழைத்த பெரிய தியோடலைட்டின் எடை சுமார் அரை டன். இங்கிலாந்திலிருந்து வரும் வழியில் அது பிரெஞ்சுக்காரரிடம் சிக்கி மொரிஷியஸுக்குப் போய், அங்கிருந்து மரியாதையோடு சென்னைக்கு அனுப்பிவைக்கப்பட்டது. போர்க்காலத்தில் எதிரியின் கருவியைத் திருப்பித் தந்த அந்தப் பெருந்தன்மையைப் பிரெஞ்சு வாசனை மிச்சமிருக்கும் காரைக்காலில் ஒருமுறை சொல்லிவைப்பது பொருத்தம்.

மலைநாட்டில் லாம்டனுக்கு மேடை தேட வேண்டியதில்லை. குன்றின்மேல் ஏறினால் அடுத்த குன்று தெரியும். காவிரிப் படுகைதான் அவரைத் திணறடித்தது. நிலம் தட்டை, எங்கும் தென்னை. கண்ணுக்கு எட்டும் தூரம் அடுத்த தோப்போடு முடிந்துவிடும். படுகையில் மலைக்கு மாற்றாக இருந்தவை கோயில்கள் மட்டுமே. கோபுரங்களின்மேல் கருவியை ஏற்றிக் கோணம் பார்த்தார்கள். 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்தின்மீது ஏற்றும்போது கயிறு அறுந்தது. தியோடலைட் சுவரில் மோதி, நுட்பமாகப் பாகை பிரிக்கப்பட்டிருந்த அதன் வட்டம் நெளிந்துபோயிற்று.

வேறொருவராக இருந்தால் இங்கிலாந்துக்குக் கடிதம் எழுதியிருப்பார். லாம்டன் கருவியைப் பிரித்துப் போட்டுக்கொண்டு ஆறு வாரம் உட்கார்ந்தார். ஆப்பு வைத்து, திருகு முடுக்கி, மயிரிழை மயிரிழையாக வட்டத்தைப் பழைய வடிவத்துக்கு இழுத்தார். அந்தக் கருவிதான் பிறகும் தெற்கையும் தக்காணத்தையும் அளந்தது. இந்த விபத்தில், படுகைக்கும் மலைக்கும் உள்ள ஒரு வேறுபாடு அடங்கியிருக்கிறது. சமவெளியை அளக்கப் பார்வை போதவில்லை. மலையை அளக்கப் பார்வை இருந்தது, கால்தான் போதவில்லை.

வெள்ளகவியிலிருந்து ஏறியவர்

முக்கோணங்கள் உச்சிகளை மட்டுமே கட்டிவைக்கும். உச்சிகளுக்கு நடுவே ஓடை எங்கே திரும்புகிறது, ஊர் எந்தச் சரிவில் இருக்கிறது, பாதை எந்தக் கணவாயில் ஏறுகிறது என்பதையெல்லாம் நிரப்ப ஒருவர் நடக்கவேண்டும். தென்னிந்திய மலைகளில் அப்படி நிறைய நடந்தவர் பி. எஸ். வார்டு என்னும் பிரிட்டிஷ் அளவையாளர். 1816 முதல் 1820 வரை கானர் என்னும் மற்றோர் அளவையாளருடன் சேர்ந்து திருவிதாங்கூர், கொச்சி நாடுகளை அளந்தார். நீலகிரியும் அவர் அளந்ததே. 1821-இல் பழனிமலை. அந்த மலைத்தொடரை அவர் தம் அறிக்கையில் வராககிரி என்ற பெயரிலேயே குறித்தார்.

பழனிமலையில் அவர் தங்கி வேலை செய்த இடம் வெள்ளகவி. கொடைக்கானலுக்குக் கீழே, சரிவில் தொங்கும், குன்னுவர் என்னும் மலைமக்களின் ஊர். அங்கிருந்துதான் இன்றைய கொடைக்கானல் இருக்கும் மேட்டுநிலத்துக்கு ஏறிப்போய்ப் பார்த்தார். ஆளில்லாத காட்டை அவர் காணவில்லை. ஒழுங்கான ஊர்களில் நாலாயிரம் பேர் வாழ்கிறார்கள் என்று எழுதினார். கொடைக்கானலைக் "கண்டுபிடித்தது" யார் என்று சுற்றுலா ஏடுகள் எழுதும்போது, வார்டு ஏறிய பாதை அவருக்கு முன்பே அங்கே இருந்ததை விட்டுவிடுகின்றன. அவர் செய்தது அந்தப் பாதைக்கு நீளமும் திசையும் கொடுத்தது.

அவருடைய காலத்து வேலைமுறை முக்காலியில் நிறுத்திய ஒரு பலகையைச் சுற்றி நடந்தது. பிளேன் டேபிள் என்பார்கள். பலகையில் காகிதம், அதன்மேல் குறிபார்க்கும் சட்டம். பலகையைத் திசைக்குப் பொருத்தி, தெரிந்த இரண்டு உச்சிகளைப் பார்த்துக் கோடு இழுத்தால் நிற்கும் இடம் கிடைக்கும். உயரத்துக்குக் கொதிநீரும் துணை செய்தது. 300 மீட்டர் ஏறினால் தண்ணீரின் கொதிநிலை ஏறக்குறைய ஒரு பாகை செல்சியஸ் குறையும். கொடைக்கானலில் 93 பாகையிலேயே உலை கொதித்துவிடும். பருப்பு மட்டும் எளிதில் வேகாது. அங்கே குடியேறிய சமவெளிக் குடும்பங்கள் முதல் வாரத்திலேயே அடுப்படியில் இந்த உயரமானியைக் கண்டுகொள்ளும்.

மரத்தின் உயரமா, மலையின் உயரமா

பலகைக்காரருக்குக் காடு பெரிய தொல்லை. உச்சியின் புல்வெளியில் நின்றால் அடுத்த உச்சி தெரியும். இடையிலுள்ள பள்ளத்தைச் சோலை மூடியிருக்கும். ஓடை ஓடும் ஓசை கேட்கும், ஓடை தெரியாது. அந்த இடங்களில் கோடு பாதி அளவையாகவும் பாதி ஊகமாகவும்தான் விழுந்தது.

பிறகு விமானப் படங்கள் வந்தன. ஒரே இடத்தை இரு கோணங்களில் எடுத்த படங்களை இரு கண்ணாலும் பார்த்தால் மலை எழுந்து நிற்கும். ஆனால் எழுந்து நிற்பது மரத்தின் தலை. 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் 11 நாள் சுற்றி ரேடாரால் உலக நிலப்பரப்பின் பெரும்பகுதியை அளந்தது. இன்று கைப்பேசிச் செயலிகள் பலவும் காட்டும் சமஉயரக்கோடுகளுக்கு அந்தத் தரவும் ஓர் ஊற்று. அதில் 30 மீட்டர் சதுரத்துக்கு ஒரே ஓர் உயரம். அந்த ரேடார் அலை இலைக்கூரைக்குள் கொஞ்சம்தான் இறங்கும்.

விளைவைப் பழனிமலையில் நின்று நினைத்துப் பார்க்கலாம். புல்வெளி முடிந்து சோலை தொடங்கும் விளிம்பில் தரை சீராகத்தான் சரிகிறது. படத்திலோ அங்கே ஒரு படிக்கட்டு முளைத்திருக்கும். அது மரங்களின் உயரம். புல்வெளிகளில் பிற்காலத்தில் நட்ட யூகலிப்டஸ் இன்னும் நெடியது. இருபது மீட்டர் வளர்ந்த தோப்பை வெட்டினால் கணக்குப்படி மலையில் ஒரு கோடு குறையும். விமானத்திலிருந்து லேசர் துடிப்புகளை மழைபோலப் பொழியும் லைடார் முறைதான் இதற்கு மாற்று. ஆயிரக்கணக்கான துடிப்புகளில் சில இலை இடுக்கு வழியாகத் தரையைத் தொட்டுத் திரும்பும். அவற்றை மட்டும் பொறுக்கியெடுத்தால் காட்டை உரித்த மலை கிடைக்கும்.

காட்டை உரிக்காமல் காட்டையே படமாக்கிய வேலையும் உண்டு. அது நடந்தது காரைக்கால் சேர்ந்திருக்கும் இதே ஒன்றியப் பகுதியில். 1955-இல் தொடங்கிய புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம், முதலில் பத்து லட்சத்துக்கு ஒன்று என்ற அளவையில் இந்தியத் தாவரப் படங்களையும், 1980-களில் பாஸ்கல் என்னும் ஆய்வாளர் தலைமையில் தென்னிந்தியக் காட்டு வரைபடங்களை 1:2,50,000 அளவையிலும் வெளியிட்டது. டோப்போ ஷீட்டில் ஒரே பச்சையாக இருந்தது அங்கே மழை அளவு, உயரம், வறட்சி மாதங்கள் என்பவற்றுக்கேற்பப் பல நிறங்களாகப் பிரிந்தது. நடப்பவருக்கு இது வெறும் அழகில்லை. சோலையின் ஈரத்தரை வேறு. மார்ச் மாதத்தில் காய்ந்து நிற்கும் போதைப்புல் சரிவு வேறு.

கோட்டின் தடிமன்

ஒரு மீட்டர் அகல ஒற்றையடிப்பாதை, 1:50,000 தாளில் 0.02 மில்லிமீட்டர். கண்ணுக்கே தெரியாது. எனவே தெரியும்படி தடித்து வரைகிறார்கள். 0.3 மில்லிமீட்டர் புள்ளிக்கோடு நிலத்தில் 15 மீட்டர் அகலத்தை விழுங்கிவிடும். பாதை ஓடையின் இடப்பக்கமா வலப்பக்கமா என்பதைச் சில இடங்களில் தாள் சொல்லாது. அதுபோலவே இரண்டு பழுப்புக் கோடுகளுக்கு நடுவே 18 மீட்டர் செங்குத்துப் பாறை ஒளிந்துகொள்ள முடியும். அது ஆறுமாடி உயரம்.

தூரத்தைப் படிப்பதிலும் சமவெளிக்காரருக்கு ஒரு பழக்கக் கோளாறு உண்டு. காரைக்காலிலிருந்து திருநள்ளாறு சுமார் 5 கிலோமீட்டர். நடந்தால் ஒரு மணிநேரம். மலையில் அந்தக் கணக்கு செல்லாது. ஸ்காட்லாந்தின் வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் சொன்ன விதி இன்றும் பயன்படுகிறது. மூன்று மைலுக்கு ஒரு மணி. ஏறும் ஒவ்வொரு 2,000 அடிக்கும் கூடுதலாக ஒரு மணி. அதாவது ஐந்தே கிலோமீட்டரில் 1,200 மீட்டர் ஏறவேண்டுமானால் மூன்று மணிநேரம். அதுவும் நல்ல உடலுக்கு, நல்ல பாதையில். பழுப்புக் கோடுகளை எண்ணாமல் கிலோமீட்டரை மட்டும் பார்ப்பவர்களை இருட்டு பாதிவழியில் பிடித்துக்கொள்கிறது.

இன்னொரு சிக்கல், படத்தில் இருக்கும் பாதை நிலத்தில் இருக்கவேண்டிய கட்டாயமில்லை. பேரிஜம் ஏரி வழியாகக் கொடைக்கானலையும் மூணாற்றையும் இணைத்த சாலை 1990-இல் மூடப்பட்டது. காடு அதைத் திரும்ப எடுத்துக்கொண்டது. எதிர்மாறாக, தேன் எடுப்பவர்களும் மாடு மேய்ப்பவர்களும் நாள்தோறும் நடக்கும் தடங்கள் பல எந்தத் தாளிலும் ஏறியதில்லை. 2004-இல் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் தன்னார்வலர்கள் ஜிபிஎஸ் பதிவுகளைக் கொண்டு இத்தகைய தடங்களைச் சேர்க்கிறார்கள். மரக்கூரைக்கடியில் ஜிபிஎஸ் குறி பத்துப் பதினைந்து மீட்டர் தள்ளாடும். பலர் நடந்த பதிவுகளை அடுக்கினால் தள்ளாட்டம் தேய்ந்து தடம் தெளியும். ஆனால் தடம் தெளிவதும் போக உரிமை கிடைப்பதும் ஒன்றாகிவிடாது. கொடைக்கானலைச் சுற்றியுள்ள காட்டின் பெரும்பகுதி 2013-இல் வனவுயிர்ச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அங்கே நுழைய வனத்துறையின் அனுமதி வேண்டும்.

சுவிட்சர்லாந்து இந்த இடத்தில் ஒப்பிடத் தக்கது. அந்த நாடும் 2021-இல்தான், இந்தியாவின் அறிவிப்புக்கு இரண்டே வாரம் கழித்து மார்ச் 1-ஆம் நாள், தன் அரசு வரைபடத் தரவுகளை எல்லோருக்கும் இலவசமாகத் திறந்தது. ஆனால் அங்கே நடைபாதைகளைப் பேணுவதற்கென்று 1985-இலேயே கூட்டரசுச் சட்டம் வந்துவிட்டது. 65,000 கிலோமீட்டர் பாதைகளும் மஞ்சள், வெள்ளை-சிவப்பு, வெள்ளை-நீலம் என்று கடினத்துக்கேற்ப நிறக்குறி பெற்றவை. படத்தில் ஒரு கோடு இருந்தால் நிலத்தில் அதற்குப் பொறுப்பாக ஓர் அலுவலகம் இருக்கிறது.

குரங்கணிக்குப் பிறகு

2018 மார்ச் 11. தேனி மாவட்டம் குரங்கணி மலையில், கொழுக்குமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுக்கள் காட்டுத்தீயில் சிக்கின. இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலோர் இளைஞர்கள்.

அந்தச் சரிவைப் பற்றிச் சமஉயரக்கோடுகள் ஓரளவு சொல்லும். நெருங்கிய கோடுகள் செங்குத்தைக் காட்டும். செங்குத்தான காய்ந்த புல்லில் தீ மேல்நோக்கி ஓடும் வேகத்துக்கு மனிதக் கால் ஈடுகொடுக்காது. அந்த மாதத்தில் அந்தப் புல் எவ்வளவு காய்ந்திருக்கிறது, தீத்தடுப்புக் கோடு எங்கே வெட்டியிருக்கிறது, புகை தெரிந்தால் எந்தப் பக்கம் பாறைவெளி என்பவையெல்லாம் அச்சிட்ட தாளில் இருப்பதில்லை. அவை அந்தச் சரிவில் மாடு மேய்த்தவர்களிடமும் வனத்துறையின் வேட்டைத் தடுப்புக் காவலர்களிடமும் இருக்கின்றன. அதே ஆண்டில் தமிழ்நாடு அரசு மலையேற்ற ஒழுங்குமுறை விதிகளைக் கொண்டுவந்தது.

2024 அக்டோபரில் தொடங்கிய 'டிரெக் தமிழ்நாடு' திட்டம் 14 மாவட்டங்களில் 40 தடங்களை எளிது, நடுத்தரம், கடினம் என்று வகைப்படுத்தித் திறந்தது. முன்பதிவு இணையத்தில். உடன் வருகிற வழிகாட்டிகள் பெரும்பாலும் மலையூர்ப் பிள்ளைகள், பழங்குடி இளைஞர்கள். தீக்காலத்தில் தடங்கள் மூடப்படுகின்றன. வார்டுக்கு வழிகாட்டியவர்களின் பெயர்கள் படத்தின் ஓரத்தில் ஏறியதில்லை. அவர்களின் வழித்தோன்றல்களுக்கு இப்போது சீருடையும் ஊதியமும் கிடைக்கின்றன. இந்தத் தடங்களின் படங்களை ஆண்டுதோறும் திருத்தும் பொறுப்பும், ஓடைக்கும் பாறைக்கும் அவர்கள் வழங்கும் பெயர்களை எழுதிச் சேர்க்கும் வேலையும் அவர்களிடமே போகுமானால், இருநூறு ஆண்டாகப் புள்ளிக்கோடாகவே கிடக்கும் தமிழக மலைப்பாதைகளுக்கு ஒரு கணக்கேடு உண்டாகும்.

காரைக்காலிலிருந்து கோடை விடுமுறைக்குக் கொடைக்கானல் புறப்படும் குடும்பம் வழியில் நூற்றைந்து சமஉயரக்கோடுகளைக் கடக்கிறது. வத்தலக்குண்டு வரை அவற்றில் இருபதுகூடத் தேறாது. மீதி எண்பதுக்கும் மேற்பட்டவை மலைச்சாலையின் சில மணிநேரத்துக்குள் வந்து காதை அடைக்கும். மறுநாள் காலை அந்தக் குடும்பத்தில் நடக்கத் தெம்புள்ளவர்கள் வட்டக்கானலிலிருந்து வெள்ளகவிக்கு இறங்கலாம். வார்டு ஏறிய மலைச்சரிவு அது. ஊர் எல்லை வந்ததும் உடன்வரும் வழிகாட்டி நின்று, செருப்பைக் கழற்றச் சொல்வார். வெள்ளகவிக்குள் யாரும் செருப்பணிந்து நடப்பதில்லை. ஊரே கோயில் என்பது அவர்கள் வழக்கம். அந்த எல்லை எங்கே தொடங்குகிறது என்பதற்கு எந்தத் தாளிலும் குறியீடு இல்லை. அம்மையாரின் ஊர்க்காரர்களுக்குக் காரணத்தை அதிகம் விளக்க வேண்டியிருக்காது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அவர்கள் மிச்ச வழியை நடப்பார்கள்.